ரிப்போர்ட் எல்லாம் நார்மல், உடம்பில் மட்டும் தெம்பில்லை

டெங்கு விட்ட பிறகு கொஞ்ச நாளைக்கு அசதி இருக்கத்தான் செய்யும் என்று எல்லோரும் சொன்னார்கள். பிளேட்லெட் ஏறியது, பசி வந்தது, பள்ளிக்கும் திரும்பிவிட்டேன். அசதி மட்டும் போகவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்ததையே எல்லோரும் மறந்துபோன பிறகும், வருடம் திரும்பிய பிறகும் அது அப்படியே இருந்தது.

நான் திருநெல்வேலியில் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்துகிறேன். ஆக்ஸிஜனேற்றமும் ஒடுக்கமும் வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிற பாடம். அதனால், காரணம் தெரியாத நாள்பட்ட சோர்வுக்கு ‘ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்’தான், அதாவது ஆக்ஸிஜனேற்ற அழுத்தம்தான் காரணம் என்று பலரும் சொல்லக் கேட்டபோது அதை மேலோட்டமாக விட மனம் வரவில்லை. அந்தப் பெயரைச் சொல்லி மாத்திரை விற்க வந்தவர்களையும் பார்த்தேன், அதெல்லாம் கட்டுக்கதை என்று கையை உதறியவர்களையும் பார்த்தேன். இரண்டு பேச்சிலும் பாதி உண்மை விட்டுப்போகிறது. நான் மருத்துவர் இல்லை. மருந்து விஷயத்தில் உங்கள் மருத்துவர் சொல்வதுதான் முடிவு. ஆனால் இந்தச் சோர்வோடு குடும்பமும் வேலையும் பார்த்தவள் என்ற முறையில் சொல்ல நிறைய இருக்கிறது.

இந்தச் சோர்வு வேலை செய்து களைப்பது போன்றதல்ல. களைப்பு தூங்கி எழுந்தால் போய்விடும். இதில் இரவெல்லாம் தூங்கினாலும் விடியும்போது உடம்பு தூங்காத உடம்பாகவே இருக்கும். செய்முறை வகுப்பில் பர்மாங்கனேட் தரம்பார்த்தல் நடக்கும்போது, வெளிர் இளஞ்சிவப்பு நிறம் வந்துவிட்டதா என்று மேசை மேசையாக நின்று பார்க்க வேண்டும். நிற்க நிற்க நெஞ்சு படபடக்கும், பார்வை மங்கும். விடைத்தாள் திருத்தும் முகாமில் ஒரே விடையைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பேன். எழுத்து தெரியும், பொருள் பிடிபடாது. பல வருடமாக நான் நடத்தும் பாடத்தின் விடை அது.

எல்லாவற்றையும்விட என்னைக் குழப்பியது அதன் கால இடைவெளி. ஆனித் தேரோட்டத்துக்குக் குடும்பத்தோடு ரத வீதிக்குப் போய் நின்றேன். அன்று ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் லேசாக உடம்பு வலித்தது. அதற்கும் அடுத்த நாள் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. தொண்டை வலி, காய்ச்சல் வரப்போவது போன்ற உணர்வு, வெளிச்சம் பட்டால் கண் கூசியது. “தேர் பார்க்கப் போய் அவ்வளவு நேரம் நல்லாத்தானேம்மா நின்னே, இப்போ என்ன வந்துச்சு?” என்று அத்தை கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. உழைப்புக்கும் சரிவுக்கும் நடுவில் ஒரு நாள், இரண்டு நாள் இடைவெளி விழும்போது இரண்டையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. நானே வெகுநாள் கழித்துத்தான் பார்த்தேன்.

இந்தத் தாமதமான சரிவுதான் எம்.இ. (மையால்ஜிக் என்செஃபலோமையலைட்டிஸ்) அல்லது சி.எஃப்.எஸ். (நாள்பட்ட சோர்வு நோய்) என்று மருத்துவம் பெயர் வைத்திருக்கும் நோயின் முக்கிய அடையாளம். உலக சுகாதார நிறுவனம் 1969லேயே இதை நரம்பு மண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. அமெரிக்காவின் மருத்துவக் கழகம் (இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்) 2015இல் வெளியிட்ட அறிக்கை இதை இனம்காணும் முறையைத் தெளிவாக்கியது. முன்பு செய்த வேலைகளைச் செய்ய முடியாதபடி ஆறு மாதத்துக்கு மேல் நீளும் சோர்வு, உழைப்புக்குப் பின் வரும் சரிவு, தூங்கியும் தெளியாத உடம்பு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். அவற்றோடு மூளை மந்தம், நின்றால் மோசமாவது ஆகிய இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். டெங்கு, சிக்குன்குனியா, கோவிட், சுரப்பிக் காய்ச்சல் போன்ற தொற்றுகளுக்குப் பிறகு சிலருக்கு இப்படி நீளும் சோர்வு தங்கிவிடுகிறது.

ஆனால் அந்தப் பெயருக்குப் போகும் முன் கடக்க வேண்டிய வழி ஒன்று உண்டு. அதைத் தாண்டிக் குதிக்கக் கூடாது என்பதில் நான் மிகப் பிடிவாதமாக இருக்கிறேன். நம் ஊரில் ‘காரணம் தெரியாத சோர்வு’ என்று சொல்லப்படுவதில் பெரும் பகுதி, சரியாகத் தேடாததால் காரணம் தெரியாமல் போனதுதான். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்று, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாகச் சொல்கிறது. எனக்கு ஹீமோகுளோபின் சரியாகவே இருந்ததால் ‘நார்மல்’ என்று எழுதிவிட்டார்கள். பாளையங்கோட்டையில் ஒரு பொது மருத்துவர்தான் ஃபெரிட்டின் பார்க்கச் சொன்னார். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு அது. அடிமட்டத்தில் இருந்தது. பி12 சத்தும் குறைவு. இரண்டையும் சரிசெய்த பிறகு மூச்சிரைப்பு குறைந்தது, முடி கொட்டுவது நின்றது, காலில் மதமதப்பு போனது. தேரோட்டத்துக்குப் பின் வந்த மாதிரியான சரிவு மட்டும் நிற்கவில்லை. அப்போதுதான் இது வேறு என்று எனக்கும் அந்த மருத்துவருக்கும் உறுதியானது.

ஆகவே நீண்ட சோர்வு என்றால் ரத்த அணுக்கள் எண்ணிக்கை, ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச்., மூன்று மாத சராசரிச் சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல், உடம்பில் அழற்சி இருந்தால் காட்டும் இ.எஸ்.ஆர். ஆகியவற்றைப் பார்த்துவிடச் சொல்லிக் கேளுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும் நெடுநாளாக அசிடிட்டி மாத்திரை போடுபவர்களுக்கும் பி12 குறைவது உண்டு. பலத்த குறட்டை இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று பார்க்க வேண்டும். மனச்சோர்வும் ஒரு நோய்தான், அதையும் மறைக்காமல் பேச வேண்டும். எடை தானாகக் குறைவது, மாலை நேரக் காய்ச்சல், இரவு வியர்வை, கழுத்திலோ அக்குளிலோ கட்டி, எங்கிருந்தாவது ரத்தப்போக்கு என்று ஏதாவது சேர்ந்திருந்தால் சோர்வு என்று சொல்லிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம். காசநோயும் புற்றுநோயும் இப்படித்தான் தலைகாட்டும்.

இனி ஆக்ஸிஜனேற்ற அழுத்தத்துக்கு வருகிறேன். நாம் சாப்பிடும் உணவிலிருந்து வரும் எலக்ட்ரான்கள், செல்லுக்குள் ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் ஒரு புரதத்திலிருந்து அடுத்ததற்குக் கைமாறிப் போகின்றன. கடைசியில் ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறு நான்கு எலக்ட்ரான்களை வாங்கி நீராகிறது. இந்த ஓட்டத்தில் கிடைக்கும் ஆற்றலில்தான், செல் தன் வேலைகளுக்குச் செலவிடும் ஏ.டி.பி. என்ற பொருள் உருவாகிறது. நடுவில் சில எலக்ட்ரான்கள் கசியும். ஒரே ஓர் எலக்ட்ரானைப் பிடித்துக்கொண்ட ஆக்ஸிஜன் சூப்பர் ஆக்ஸைடு என்ற தனி உறுப்பாகிறது, ஃப்ரீ ரேடிக்கல் என்று எல்லோரும் சொல்வது இந்த வகையைத்தான். அதைச் சூப்பர் ஆக்ஸைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி ஹைட்ரஜன் பெராக்ஸைடாக மாற்றும். ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் 1969இல் கண்டறிந்தது இது. பெராக்ஸைடைக் கேட்டலேஸும், செல் தானே தயாரிக்கும் குளூட்டாதயோன் என்ற காப்புப் பொருளை வைத்து வேலை செய்யும் இன்னொரு நொதியும் நீராக்கிவிடும். இடையில் இரும்பு அயனி கிடைத்துவிட்டால் பெராக்ஸைடு உடைந்து ஹைட்ராக்ஸில் என்ற தனி உறுப்பு வரும். ஹென்றி ஃபென்டன் 1894இல் விவரித்த வினை. அது தொட்டதையெல்லாம் சிதைக்கும். கசிவு கூடி, அடக்கும் ஏற்பாடு பின்தங்கும் நிலைதான் ஆக்ஸிஜனேற்ற அழுத்தம். ஜெர்மானிய உயிர்வேதியியலாளர் ஹெல்முட் ஸீஸ் 1985இல் இந்தக் கருத்துக்கு வடிவம் கொடுத்தார்.

நாள்பட்ட சோர்வு நோயாளிகளிடம் இது இருக்கிறதா? இருக்கிறது. ஸ்காட்லாந்தின் டண்டீயில் ஒரு குழு 2005இல் நோயாளிகளின் ரத்தத்தில் ஐசோப்ராஸ்டேன் கூடியிருப்பதைக் காட்டியது. சவ்வுகளில் உள்ள கொழுப்பு, தனி உறுப்புகளின் தாக்குதலில் சிதையும்போது உண்டாகும் பொருள் அது. அந்த அளவு நோயின் அறிகுறிகளோடும் ஒத்துப்போனது. அதே ஆண்டு பிரான்சின் மார்செயில், நோயாளிகளை மிதிவண்டி மிதிக்கவைத்து அளந்தபோது, உழைப்பால் வரும் ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் அவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாகவும் நீடித்தும் இருந்தது. அதைப் படித்தபோது எனக்குத் தேரோட்டத்துக்குப் பின் வந்த சரிவு நினைவுக்கு வந்தது. நியூயார்க்கில் டிகோமா ஷுங்குவின் குழு மூளையை ஸ்கேன் செய்து பார்த்ததில் குளூட்டாதயோன் குறைவாகவும், மூளைத் திரவத்தில், ஆற்றல் உற்பத்தி தடுமாறும்போது சேரும் லாக்டேட் அதிகமாகவும் தெரிந்தது. எனவே ‘எல்லாம் மனப்பிரமை’ என்று சொல்வதற்கு இனி இடமில்லை. உடம்புக்குள் அளந்து பார்க்கக்கூடிய மாற்றம் நடக்கிறது.

ஆனால் ஷுங்குவின் குழு மனச்சோர்வு நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தது. அவர்களிடமும் குளூட்டாதயோன் குறைவு தெரிந்தது. சர்க்கரை நோயிலும் புகைபிடிப்பவர்களிடமும் ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் கூடும். இந்த ஒரு நோய்க்கே உரிய அடையாளம் இல்லை அது. ஈரவிறகு வைத்த அடுப்பில் புகை வரும். புகை கண்ணை எரிக்கும், இருமல் வரவைக்கும், அதுவும் உண்மையான தொல்லைதான். ஆனால் புகையை மட்டும் விசிறிக்கொண்டிருந்தால் சோறு வேகாது. இந்த நோயில் விறகு எங்கே ஈரமானது என்பதைத்தான் ஆராய்ச்சி இப்போது தேடுகிறது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில் பால் ஹ்வாங் தலைமையிலான குழு 2023இல் ஒரு தடயத்தைக் காட்டியது. கடும் சோர்வால் அவதிப்பட்ட ஒரு பெண்ணின் செல்களில் டபிள்யு.ஏ.எஸ்.எஃப்.3 என்ற புரதம் அளவுக்கு மீறி இருந்தது. அது மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசப் புரதங்கள் ஒன்றுசேர்ந்து கூட்டமைப்பாவதைத் தடுத்து ஆற்றல் உற்பத்தியைக் குறைத்தது. வேறு சில நோயாளிகளின் தசையிலும் அந்தப் புரதம் கூடியிருந்தது. சிறிய ஆய்வுதான். இருந்தாலும், கோளாறு ஆற்றல் உண்டாகும் இடத்திலேயே இருக்கலாம் என்பதற்கு அது ஒரு சான்று.

அப்படியானால் தனி உறுப்புகளை அடக்கும் ஆன்டி-ஆக்சிடன்ட் மாத்திரை போட்டால் போயிற்று என்று தோன்றும். எனக்கும் அப்படிச் சொன்னார்கள். ஓர் அழகு சிகிச்சை மையத்தில் குளூட்டாதயோன் டிரிப் ஏற்றினால் ‘செல் புத்துணர்ச்சி’ கிடைக்கும் என்றார்கள், தோலை வெளுக்கவைக்க ஏற்றும் அதே மருந்து. வேறொரு இடத்தில் ஆக்ஸிஜனேற்ற அழுத்தத்தை அளந்து தருகிறோம் என்று விலை சொன்னார்கள். அந்த எண் கூடினாலும் குறைந்தாலும் மருத்துவர் கொடுக்கும் சிகிச்சை மாறப்போவதில்லை என்னும்போது அந்தக் காசை ஃபெரிட்டினுக்கும் பி12க்கும் கொடுப்பது மேல்.

வேதியியல் தெரிந்தவளாக எனக்கு இதில் ஒரு தயக்கம் இருந்தது. உடம்புக்குத் தனி உறுப்புகள் முற்றிலும் பகையல்ல. நம் வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்வதே சூப்பர் ஆக்ஸைடை உண்டாக்கித்தான். ஹைட்ரஜன் பெராக்ஸைடு செல்லுக்குள் சேதி சொல்லும் பொருளாகவும் வேலை செய்கிறது. ஜெர்மனியில் மிக்கேல் ரிஸ்டோவ் குழு 2009இல் இளைஞர்களுக்கு நான்கு வாரம் உடற்பயிற்சி கொடுத்து, அவர்களில் பாதிப்பேருக்கு தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சியும் 400 அலகு வைட்டமின் ஈயும் தந்தது. உடற்பயிற்சியால் இன்சுலின் வேலை மேம்படும் பலன் மாத்திரை போடாதவர்களுக்குத்தான் கிடைத்தது. ஃபின்லாந்தில் 29,000க்கும் மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்த ஆய்வு 1994இல் வெளியானபோது, பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. கேரட்டில் இருக்கும் அதே பொருள்தான், மாத்திரையாகப் போகும்போது அதன் போக்கு வேறு.

பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், இந்த நோய்க்குத் தீர்வாக வைட்டமின், தாது மாத்திரைகளை வழக்கமாக எடுக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றே சொல்கிறது. கோஎன்சைம் கியூ10 போன்றவற்றைச் சில சிறு ஆய்வுகளில் சோதித்திருக்கிறார்கள். கிடைத்த பலன் சொற்பம். குறைபாடு இருந்தால் அந்தச் சத்தை எடுத்தே ஆக வேண்டும், அது வேறு கதை. குறைபாடு இல்லாமல் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இரும்பு மாத்திரை போடுவதுதான் கூடாது. மேலே சொன்ன ஃபென்டன் வினை நினைவிருக்கட்டும். முடிக்கும் தோலுக்கும் என்று விற்கும் மாத்திரைகளில் பயோட்டின் அதிகம் இருக்கும். அது தைராய்டு பரிசோதனையின் எண்களையே மாற்றிக் காட்டக்கூடும், ரத்தம் கொடுக்கும் முன் கட்டாயம் சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் வைட்டமின் ஈயைத் தானாகத் தொடக் கூடாது.

சாப்பாட்டில் நான் பெரிதாக எதையும் மாற்றவில்லை. முருங்கைக்கீரை, கொய்யா, நெல்லிக்காய், பருப்பு, மீன். சாப்பாட்டோடு காபி, டீ குடிப்பதை நிறுத்தினேன், இரும்பு உடம்பில் சேர அது தடை.

எனக்கு உண்மையில் வாழ்க்கையைத் திருப்பித் தந்தது வேலையை அளந்து செய்வது. இதை ‘பேசிங்’ என்கிறார்கள். முன்பு நல்ல நாள் வந்தால் விட்டுப்போன துணியெல்லாம் துவைத்து, மாவாட்டி, நோட்டுத் திருத்தி முடித்துவிடுவேன். மூன்றாம் நாள் விழுவேன். கொஞ்சம் கொஞ்சமாக உடற்பயிற்சியைக் கூட்டினால் சரியாகிவிடும் என்ற பழைய அறிவுரையை நைஸ் 2021இல் நீக்கிவிட்டது. அதற்குக் காரணம் உண்டு. இந்த நோயாளிகளை அடுத்தடுத்த இரண்டு நாள் மிதிவண்டிச் சோதனைக்கு உட்படுத்தினால், இரண்டாம் நாள் அவர்களின் திறன் முதல் நாளைவிடச் சரிகிறது. நலமாக இருப்பவர்களுக்கு அப்படிச் சரிவதில்லை. மனதைத் தேற்றிக்கொண்டு முட்டித் தள்ளுவது இங்கே வீரமல்ல, காயத்தின் மேல் காயம்.

நான் பிடித்துக்கொண்ட வழி நாடித்துடிப்பு. கோவிட் காலத்தில் வாங்கிய விரல் ஆக்ஸிமீட்டர் வீட்டில் சும்மா கிடந்தது. காலையில் எழும் முன் படுத்தபடியே நாடியைப் பார்ப்பேன். பகலில் அதைவிட 15க்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்வது நோயாளிகள் பலரும் பின்பற்றும் கணக்கு. தொடக்கத்தில் எனக்கு மாடிப்படி ஏறுவது, குனிந்து வாளி தூக்குவது, வெந்நீரில் நின்று குளிப்பது மூன்றுமே அந்தக் கோட்டைத் தாண்டின. அதனால் குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. காய் நறுக்குவது அரிவாள்மனையிலிருந்து மேசைக்கு மாறியது. துணி மடிப்பதும் நோட்டுத் திருத்துவதும் ஒரே மாலையில் இல்லை. ஓய்வை அசதி வந்த பிறகு எடுக்காமல், அசதி வரும் முன் மணி பார்த்து எடுத்தேன். வகுப்பு முடிந்ததும் ஆசிரியர் அறையில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, போனைத் தொடாமல். போன் பார்ப்பதும் மூளைக்கு வேலைதான்.

தலைமை ஆசிரியையிடம் எல்லாவற்றையும் சொல்லாமல் இரண்டே விஷயம் கேட்டேன், கீழ்த்தளத்தில் வகுப்பும், செய்முறை நாளில் உட்கார ஒரு உயர நாற்காலியும். “இதைக் கேக்கவா டீச்சர் இத்தனை நாள் யோசிச்சீங்க?” என்று அன்றே ஏற்பாடு செய்தார். ‘உடம்பு சரியில்லை’ என்று பொதுவாகச் சொன்னால் கேட்பவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. தேவையைத் தனியாகப் பிரித்துச் சொன்னால் பெரும்பாலும் கிடைக்கிறது. வீட்டிலும் அப்படித்தான். “எனக்கு முடியல” என்பதைவிட “இன்னைக்கு ரெண்டு மணி நேரம் நின்னா நாளைக்கழிச்சு படுத்துருவேன்” என்று சொல்லத் தொடங்கியதும், அது இரண்டு மூன்று முறை அப்படியே நடந்ததும், அத்தை தானே முன்வந்து “நீ உக்காரும்மா, வடிச்சுக்கிறேன்” என்றார்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ஒரு தாள் கொண்டுபோங்கள். பெரும்பாலும் சில நிமிடம்தான் கிடைக்கும், அதில் ‘டயர்டா இருக்கு’ என்று மட்டும் சொன்னால் சத்து மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். எந்தக் காய்ச்சலுக்குப் பின் தொடங்கியது, முன்பு செய்து இப்போது முடியாமல் போன வேலைகள் எவை, வேலைக்கும் சரிவுக்கும் எத்தனை மணி நேர இடைவெளி, தூக்கம் எப்படி, எடுக்கும் மாத்திரைகள் எல்லாம் (கடையில் கேட்டு வாங்கியவையும், லேகியமும் சேர்த்து) என்று எழுதுங்கள். நின்றால் படபடப்பு வருகிறவர்கள் பத்து நிமிடம் படுத்திருந்து நாடியைக் குறித்துக்கொண்டு, பிறகு சுவரில் லேசாகச் சாய்ந்து நின்று பத்து நிமிடம் வரை ஒவ்வொரு நிமிடமும் குறிக்க வேண்டும். பக்கத்தில் ஓர் ஆள் கட்டாயம் இருக்க வேண்டும், மயக்கம் வருவது போலிருந்தால் உடனே உட்கார்ந்துவிட வேண்டும். பெரியவர்களுக்கு 30க்கு மேல் ஏறி அங்கேயே நின்றால் அது பாட்ஸ் என்ற தனிக் கோளாறாக இருக்கலாம், அதற்கு மருந்தும் வழிமுறைகளும் இருக்கின்றன. என் மருத்துவர் அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான், படுத்திருக்கும்போதும் நிற்கும்போதும் ரத்த அழுத்தத்தைத் தனித்தனியாகப் பார்த்தார். உப்பும் தண்ணீரும் எவ்வளவு கூட்டலாம் என்று சொன்னார், முழங்கால் வரை இறுக்கமான காலுறையும் எழுதிக் கொடுத்தார். ரத்தக்கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் உப்பைத் தானாகக் கூட்டக் கூடாது. அந்தக் காலுறையோடுதான் இந்த வருடம் செய்முறைத் தேர்வு முழுவதும் நடத்தினேன், தேர்வு வாரத்துக்கு முன்னும் பின்னும் விடுமுறை நாட்களை ஓய்வுக்கென்றே ஒதுக்கி வைத்துக்கொண்டு.